பத்தியைப் படித்துத் தொலைக்காதே!

கீழே ஒரு பத்தி தரப்பட்டுள்ளது. அதையொட்டிக் கேட்கப்படும் வினாக்களுக்கு விடையளிக்கவும்.

மலுக்கூர்க் கிரும்பட்டான் சென்ற செவ்வாய்க்கிழமை மூன்று சொடுப்புகளைத் தவ்வினான். அவனுடைய பிளிக்கு ஞமிறிப் போயிருந்ததால் அப்படிச் செய்ய நேர்ந்தது. இதைக் கண்ட தாமுலி கடுஞ்சிம்புரத்துடன் தன் பொலுக்கியை எடுத்துக்கொண்டு தூம்பிக்கரைக்குப் போய்விட்டாள்.

கிரும்பட்டான் எத்தனை சொடுப்புகளைத் தவ்வினான்? மூன்று. அப்படிச் செய்ய நேர்ந்தது ஏன்? பிளிக்கு ஞமிறிப் போயிருந்ததால். தூம்பிக்கரைக்குப் போனவர் யார்? தாமுலி. எதை எடுத்துக்கொண்டு போனாள்? பொலுக்கியை.

நான்குக்கு நான்கு. பலே! சொடுப்பு என்பது தின்பண்டமா கொலைக்கருவியா என்று உங்களுக்குத் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. கிரும்பட்டான் செய்தது வீரமா அயோக்கியத்தனமா, தாமுலி அழுதுகொண்டு போனாளா சிரித்துக்கொண்டு போனாளா, எதுவும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? அதற்கெல்லாம் மார்க் கிடையாது.

தமிழ்நாட்டின் ஏதோ ஒரு சிற்றூரில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தி ஏறக்குறைய இப்படித்தான் தெரிகிறது. அந்தப் பிள்ளைக்கும் நான்குக்கு நான்கு விழுகிறது. பிள்ளைக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று பள்ளி நம்புகிறது, பெற்றோர் நம்புகிறார்கள், அரசாங்கம் அதை அட்டவணை போட்டு வெளியிடுகிறது. இந்த வித்தைக்கு நான் உரிமை கொண்டாட முடியாது. ஆண்ட்ரூ இங்க்ரஹாம் என்ற அமெரிக்கர் 1903இலேயே பொருளற்ற சொற்களைக் கோத்து ஓர் ஆங்கில வாக்கியம் செய்து, ஒரு மண்ணும் புரியாமல் அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம் என்று காட்டிவிட்டார். அவர் அதை எச்சரிக்கையாகச் சொன்னார். நாம் பாடத்திட்டமாக்கிக்கொண்டோம்.

பாடத்திட்டம் என்று சும்மா சொல்லவில்லை. இதற்கு முறையான பயிற்சி உண்டு. பொதுத்தேர்வு நெருங்கும்போது மாலை ஸ்பெஷல் கிளாஸில் போய் நின்று பாருங்கள். "முதல்ல பத்தியப் படிக்காதீங்கடா. டைம் வேஸ்ட். நேரா கேள்விக்குப் போ. கேள்வியில கீவேர்டு எது? அத அண்டர்லைன் பண்ணு. இப்ப அதே வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு தேடு. கிடைச்சிதா? அந்த ஃபுல்ஸ்டாப்ல இருந்து இந்த ஃபுல்ஸ்டாப் வரைக்கும் அப்படியே எழுது." பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்பான்: "சார், அந்த வார்த்தை ரெண்டு எடத்துல இருந்தா?" நியாயமான கேள்வி. வகுப்பில் அன்று கேட்கப்பட்ட ஒரே அறிவார்ந்த கேள்வி அதுதான். "ரெண்டு வரியையும் எழுதிடு. எதுலயாவது ஆன்சர் இருக்கும்."

இதற்கு உபபாடங்களும் உண்டு. 'ஒய்' என்று கேட்டால் 'பிகாஸ்' எங்கே என்று பார். 'வென்' என்றால் எண்களைத் தேடு. 'ஹூ' என்றால் பெரிய எழுத்தில் தொடங்கும் சொல்லைப் பிடி. ஆங்கிலேயன் ஆள்பெயருக்குப் பெரிய எழுத்து வைத்ததே நம் பிள்ளைகள் அவன் மொழியைப் படிக்காமலே தேறட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் போலிருக்கிறது. தமிழில் அந்த வசதி இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவாவது தமிழ்த்தாளில் பிள்ளைகள் ஓரிரு வரிகளைப் படித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இருப்பது நாற்பது பிள்ளைகள். அதில் பாதிப் பேர் 'மெல்லக் கற்போர்'. அவர்களுக்கென்று பத்துப் பக்கத்தில் 'மினிமம் மெட்டீரியல்'. தேர்வுக்கு முன்னால் தலைமையாசிரியர் கேட்பார், "உங்க சப்ஜெக்ட்ல எத்தன பேர் போவாங்க?" தலைமையாசிரியரை ரிவ்யூ மீட்டிங்கில் அதிகாரி கேட்பார். அதிகாரியை அவருக்கு மேலே இருப்பவர் கேட்பார். மேலே உள்ளவர் அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஏணியில் ஒருவராவது "பிள்ளைக்குப் படிக்க வருமா?" என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. மன அழுத்தம் வரும் என்று சொல்லி 2017இல் மாணவர்களுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம். மாவட்டங்களுக்கு ரேங்க் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. தேர்ச்சி விழுக்காட்டில் முதல் மாவட்டம் எது, கடைசி எது என்று வருடா வருடம் செய்தி வருகிறது. கடைசி மாவட்டத்து அதிகாரிக்கு வரும் மன அழுத்தம் படி இறங்கி, படி இறங்கி, கடைசியில் பின்பெஞ்சுப் பையனின் தலையில் 'கீவேர்டு' என்ற பெயரில் விழுகிறது.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மாணாக்கர்களைத் தரம் பிரித்தபோது கடைசி வரிசையில் ஆட்டையும் நெய்யரியையும் வைத்தார். ஆடு, எதிரே தழை குவிந்து கிடந்தாலும் ஒரு செடியில் நின்று மேயாது. இதில் ஒரு கடி, அதில் ஒரு கடி என்று ஓடிக்கொண்டே இருக்கும். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எழுநூறு எண்ணூறு வருடத்துக்குப் பிறகு இந்த இரண்டையும் முதல் வரிசைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தது நம் காலத்தின் சாதனை. ஆட்டின் மேய்ச்சலுக்கு இப்போது 'ஸ்கிம்மிங்' என்று பெயர். நெய்யரியின் வேலைக்கு 'ஸ்கேனிங்'. இரண்டையும் கற்றுக்கொள்ளப் பல ஆயிரம் ரூபாய் கட்டணம்.

ஆம், பள்ளியோடு இது முடிந்துவிடுவதில்லை. வெளிநாடு போக நினைக்கும் செவிலியரும் பொறியாளரும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் போய் நிற்கும்போது, பழைய ஸ்பெஷல் கிளாஸ் ஏசி அறைக்குக் குடிபெயர்ந்திருப்பதைப் பார்க்கிறார்கள். வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்வி. அதிலும் கல்விப் பிரிவில் எழுதுகிறவர்களுக்கு மூன்று நீண்ட கட்டுரைகள். பயிற்சி மையம் சொல்வது அதேதான்: கட்டுரையைப் படிக்காதீர்கள். கேள்வித்தாள் எடுப்பவர்கள் இந்தக் குறுக்குவழி தெரியாத அப்பாவிகளா? கேள்வியில் ஒரு சொல்லைப் போட்டு, கட்டுரையில் அதே பொருள் தரும் வேறு சொல்லை வைக்கிறார்கள். உடனே பயிற்சி மையம் மாற்றுச்சொல் பட்டியல் அச்சடித்து விற்கிறது. அவர்கள் பூட்டை மாற்ற, இவர்கள் கள்ளச்சாவி செய்ய, வியாபாரம் ஜோராக நடக்கிறது.

அந்தத் தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, இது சரியா, தவறா, அல்லது கட்டுரையில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்பார்கள். மூன்றாவதுதான் நம்மவர்களுக்கு எமன். ஏனென்றால் கூற்றில் இருக்கும் சொல் கட்டுரையிலும் இருக்கும். ஆனால் கேட்ட சங்கதி மட்டும் இருக்காது. சொல் இருக்கும்போது விடை எப்படி இல்லாமல் போகும்? பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பில் அப்படி ஒரு அக்கிரமத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. இதற்கும் மையங்களில் சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'நெவர்' வந்தால் தவறு என்று போடு, 'மே', 'சம்' வந்தால் சரி என்று போடு, ஒன்றும் புரியாவிட்டால் 'சொல்லப்படவில்லை'. சோழி உருட்டிப் பார்க்கிறவர்கூட ஆளின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்.

நாம்தான் மோசம், அமெரிக்கர்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1990இல் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் வாசிப்புக் கேள்விகளை மட்டும் மாணவர்களிடம் கொடுத்தார்கள். பத்திகளைக் கொடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் கிடைப்பதைவிட எவ்வளவோ கூடுதலாக அவர்கள் சரியான விடைகளைத் தட்டினார்கள். பத்தியே இல்லாமல் பத்திக் கேள்விக்கு விடை! நம் பயிற்சி மையங்கள் இதை இன்னும் கேள்விப்படவில்லை என்று நினைக்கிறேன். கேள்விப்பட்டால் அதற்கும் ஒரு கிராஷ் கோர்ஸ் வந்துவிடும்.

இந்தப் பிழைப்பில் கையும் களவுமாகப் பிடிபட்டவன் இன்னொருவன் இருக்கிறான். அவன் மனிதன் இல்லை. 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் கணினிக்கு வாசிப்புத் தேர்வு வைக்க, விக்கிப்பீடியாவிலிருந்து பத்திகள் எடுத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் தயாரித்தார்கள். கணினிகள் மளமளவென்று மதிப்பெண் அள்ளின. 2018 ஜனவரியில் அலிபாபா, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் மென்பொருள்கள் மனிதர்களின் மதிப்பெண்ணையே தாண்டிவிட்டதாகத் தலைப்புச் செய்தி. ஆனால் அதற்கு முந்தைய வருடமே ராபின் ஜியா, பெர்சி லியாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குறும்பாக ஒரு காரியம் செய்திருந்தார்கள். பத்தியின் கடைசியில் சம்பந்தமே இல்லாத ஒரு வாக்கியத்தை ஒட்டினார்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் இறுதியாட்டத்தில் ஆடிய 38 வயதுக்காரர் யார் என்பது கேள்வி. ஜான் எல்வே என்பது விடை. ஒட்டிய வாக்கியமோ, வேறு ஏதோ ஒரு போட்டியில் ஜெஃப் டீன் என்பவரின் சட்டை எண் 37 என்று சொன்னது. கணினி 'ஜெஃப் டீன்' என்றது, துளியும் தயங்காமல். இப்படிச் சோதித்த பதினாறு மென்பொருள்களின் சராசரி மதிப்பெண் 75இலிருந்து 36க்கு விழுந்தது. ஃபுல்ஸ்டாப்பிலிருந்து ஃபுல்ஸ்டாப் வரை எழுதும் நம் பின்பெஞ்சுப் பையனேதான் அந்தக் கணினி. ஒரே வித்தியாசம், கணினியைச் செய்தவர்களுக்கு அவமானமாக இருந்தது. 2018இல் பத்தியில் விடையே இல்லாத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைச் சேர்த்துத் தேர்வைத் திருத்தினார்கள். இரும்புக்கும் சிலிக்கானுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

நமக்கும் அவமானப்பட ஒரு வாய்ப்பு வந்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்தும் பிசா தேர்வில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கலந்துகொள்வார்கள். ஆங்கிலத் தேர்வு இல்லை அது. படித்தால் புரிகிறதா என்று பார்க்கும் தேர்வு. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் இந்தியாவின் சார்பில் இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாசலப் பிரதேசம், இன்னொன்று நம் தமிழ்நாடு. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் அடங்கிய பட்டியலில், வாசிப்பில் நமக்குக் கீழே இருந்தவை இமாசலமும் கிர்கிஸ்தானும் மட்டும். வாழ்க்கை நடத்தத் தேவையான அடிப்படை வாசிப்புத் திறன் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் 17 விழுக்காட்டினருக்கு இருந்தது. அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 81. நூறு பிள்ளைகளில் எண்பத்து மூன்று பேருக்குப் படித்தது விளங்கவில்லை என்று 2011 டிசம்பரில் உலகம் அச்சடித்துக் கொடுத்தது.

நாம் என்ன செய்தோம்? கேள்விகள் நம் பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றோம். 2012 சுற்றுக்குப் போகவில்லை. 2015க்கும் 2018க்கும் போகவில்லை. 2021இல் கலந்துகொள்வோம் என்று அறிவித்தோம். கொரோனாவால் அது 2022க்குத் தள்ளிப்போயிற்று. 2022இலும் நம்மைக் காணவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறையாமல் இருக்கத் தேர்வுக்கு முன்பே டிசி கொடுத்து அனுப்பும் பள்ளிகளை நமக்குத் தெரியும். ஒரு நாடே தனக்குத்தானே டிசி கிழித்துக்கொண்டது அப்போதுதான்.

பண்பாட்டுக்குப் பொருந்தாத கேள்வி எப்படி இருக்கும் என்று ஆசையாக இருக்கிறதா? பிசா தன் 2000ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து மாதிரிக்காக வெளியிட்டவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு கடிதங்கள். ஹெல்கா என்பவர், பள்ளிச் சுவரில் கிறுக்கிவிட்டார்கள், நான்காவது முறையாகச் சுத்தம் செய்கிறார்கள் என்று கொதிக்கிறார். சோஃபியா என்பவர், தெரு முழுக்க விளம்பரப் பலகை வைக்கிறார்களே, அவர்கள் நம்மிடம் அனுமதி கேட்டார்களா என்று திருப்பிக் கேட்கிறார். கேள்வி: சோஃபியா எதற்காக விளம்பரத்தைப் பேச்சில் இழுக்கிறார்? நீ யார் பக்கம், ஏன்? யார் பக்கமாக இருந்தாலும் சரி, இரண்டில் நன்றாக எழுதப்பட்ட கடிதம் எது, ஏன்?

சுவரில் எழுதுவது தமிழ்ப் பண்பாட்டுக்குப் பொருந்தாதாம்! வெள்ளையடித்த சுவர் காயும் முன்பே 'முன்பதிவு' என்று கட்சிப் பெயரும் வருடமும் எழுதி வைக்கும் ஊரில்! கட்-அவுட்டும் பேனரும் கட்டி ஆள் சாகும் ஊரில்! இந்தக் கேள்வியை நம் பிள்ளைகளிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். பரீட்சைத் தாளில் கேட்டால் 'சோஃபியா' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியைப் பிரதியெடுத்து வைப்பார்கள். பேசத் தெரிந்த பிள்ளையைப் பிரதியெடுக்கும் இயந்திரமாக்க நமக்குப் பத்து வருடம் ஆகிறது. அதற்கு நாம் கல்வி மானியக் கோரிக்கை வைத்து, விவாதித்து, மேசையைத் தட்டி நிறைவேற்றுகிறோம்.

தேறிப்போன பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? எல்லா இடத்துக்கும் போகிறார்கள். சிலர் அலுவலக நாற்காலியில் உட்கார்கிறார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு முதியவர் இப்படி மனு எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஐயா, எங்கள் வீட்டுக்குப் பட்டா இருக்கிறது. பட்டாவில் எந்தச் சிக்கலும் இல்லை. பக்கத்து மனைக்காரர் ஓடையை அடைத்துச் சுவர் எழுப்பியதால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது." சில வாரங்களில் பதில் வரும்: "பட்டா தொடர்பான தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தை அணுகவும். மனு முடித்து வைக்கப்படுகிறது." பெரியவர் தலையில் அடித்துக்கொள்வார். அந்த அதிகாரி லஞ்சம் கேட்கவில்லை, சோம்பேறியும் இல்லை. 'பட்டா' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது, அண்டர்லைன் செய்தார், விடையை எழுதிவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சென்டம் வாங்கியவராகக்கூட இருக்கலாம்.

மற்றவர்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் நிற்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுத் தாளில் 'முன்பே உள்ள நோய்' என்ற சொல் இருக்கிறதா என்று சர்க்கரைநோய்க்கார அப்பாவுக்காக மகன் தேடுகிறான். இருக்கிறது! போடு கையெழுத்து. அந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்ற சங்கதி அதற்கடுத்த வரியில் இருக்கும். காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024இல் 48 மாதத்தைக் குறைத்து வைத்த வரம்பு அது. பாலிசியின் சாரத்தை எளிய நடையில் தனித் தாளில் தர வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. நல்ல உத்தரவு. படிக்கிறவனுக்குத்தானே? பதினாலாவது மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மகன் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கவுன்ட்டரில் இருப்பவர் அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டுவார். அந்தத் தாளை எழுதிய வழக்கறிஞருக்கு நம் வகுப்பறை அத்துப்படி. இவன் ஃபுல்ஸ்டாப்பைத் தாண்ட மாட்டான் என்று தெரிந்துதான் விஷயத்தை ஃபுல்ஸ்டாப்புக்கு அந்தப் பக்கம் வைக்கிறார். நகைக்கடன் சீட்டு, தவணைத் திட்டம், வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தம், எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: பெரிய எழுத்தில் ஒரு சொல், அதை விழுங்கும் 'ஆனால்' அடுத்த வரியில்.

ஆங்கிலக் கேள்வித்தாள் எடுப்பவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆங்கிலப் பத்தியைக் கொடுங்கள். விடையைத் தமிழிலும் எழுதலாம் என்று விடாதீர்கள், தமிழில்தான் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளை எந்த வரியையும் பிரதியெடுக்க முடியாது. புரிந்திருந்தால் எழுதுவான், புரியாவிட்டால் தாள் வெள்ளையாக இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும் திறனைச் சோதிக்க அந்தத் தாளில் மற்ற எல்லாப் பகுதிகளும் இருக்கின்றன. கூடவே பத்தியில் விடை இல்லாத கேள்வி ஒன்றைச் சேர்த்து, 'இதில் இல்லை' என்று துணிந்து எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். கணினிக்குச் செய்ததைக் கண்மணிகளுக்கும் செய்யுங்கள்.

முதல் வருடம் தேர்ச்சி விழுக்காடு அதலபாதாளத்துக்குப் போகும். அமைச்சரிலிருந்து ஆசிரியர் வரை எல்லோரும் தலைகுனிய வேண்டியிருக்கும். குனியட்டும். அது 2011 டிசம்பரிலேயே குனிந்திருக்க வேண்டிய தலை.